மயக்கமும் நாடியும் பேஸ்மேக்கரும்

வீட்டில் முதியவர் ஒருவர் திடீரென்று மயங்கி விழுந்துவிட்டால், நாம் சொல்லும் காரணங்கள் பல. பித்தம் தலைக்கேறிவிட்டது, வெயில் அதிகம், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, வயதாகிவிட்டது என்போம். முகத்தில் தண்ணீர் தெளித்து, எலுமிச்சைச் சாறு கொடுத்து, அவர் எழுந்து உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுவோம். பெரும்பாலும் இதனால் கேடு வருவதில்லை. ஆனால் சிலருக்கு அந்த மயக்கம், இதயத்தின் மின்னோட்டம் தடைப்படுகிறது என்பதற்கு முதல் அறிவிப்பாக இருக்கும். அதை அப்போதே கண்டுகொண்டால் தக்க மருத்துவம் உண்டு. கண்டுகொள்ளாவிட்டால் அடுத்த முறை விழும்போது இடுப்பெலும்பு முறியலாம், உயிரும் போகலாம்.

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் பெற்றோர் ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம் என்பது வழக்கமாகிவிட்டது. பக்கத்தில் இருப்பவர் யாராயினும் இந்த அறிவிப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதயத்துக்குள் ஓடும் மின்சாரம்

இதயம் தசையாலான ஒரு பம்பு. அதை இயக்குவது மிகச் சிறிய மின்துடிப்பு. வலது மேலறையின் உச்சியில் 'சைனஸ் கணு' என்ற ஒரு திசுத் திட்டு இருக்கிறது. அங்கே பிறக்கும் துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள 'ஏ.வி. கணு'வை அடைந்து, அங்கே கணநேரம் தங்கி, பிறகு மெல்லிய நார்களின் வழியே கீழறைகளுக்கு இறங்குகிறது. கீழறைகள் சுருங்கும்போதுதான் உடலெங்கும் இரத்தம் பாய்கிறது. ஓய்வாக இருக்கும்போது இது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை நடைபெறும்.

ஏ.வி. கணுவை 1906-ல் விளக்கமாக எழுதியவர் ஜப்பானியரான சுனாவோ தவாரா. மறு ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரு பிரிட்டானியர்கள் சைனஸ் கணுவைக் கண்டறிந்தனர். இத்துடிப்புகளைக் காகிதத்தில் வரைந்து காட்டும் இ.சி.ஜி. முறையை உருவாக்கிய டச்சு அறிஞர் ஐந்தோவன் 1924-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று சிறிய மருத்துவமனைகளிலும் சில நிமிடங்களில் எடுத்துத் தரும் இ.சி.ஜி. இந்த ஆராய்ச்சிகளின் பயனே.

கோளாறுகள் மூன்று வகை

தாளக் கோளாறுகள் பலவாயினும் குடும்பத்தார் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, துடிப்பு மிகவும் குறைந்துபோவது. சைனஸ் கணு தளர்ந்துவிடலாம். அல்லது மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் வழி அடைபடலாம். இதனை 'ஹார்ட் பிளாக்' என்பர். இரத்தக் குழாய் அடைப்பு வேறு, இது வேறு. குழாய் அடைப்பைத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்வதற்கும், இதனை மின்கம்பி அறுந்துபோவதற்கும் ஒப்பிடலாம். வழி முழுவதும் அடைபட்டவருக்கு நாடி நிமிடத்துக்கு 30 அல்லது 40 என்ற அளவுக்கு இறங்கிவிடும். மூளைக்கு இரத்தம் குறைவதால் அவர் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடுவார். இதற்கு உரிய கருவி பேஸ்மேக்கர்.

இரண்டாவது, மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது. நாடி தாளம் தப்பித் துடிக்கும். இதில் உள்ள பெரிய அபாயம், மேலறையில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்குவது. ஆகவே பலருக்கு இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை தேவைப்படும்.

மூன்றாவது, கீழறைகள் மிக வேகமாகத் துடிப்பது அல்லது வெறுமனே நடுங்குவது. நடுங்கத் தொடங்கினால் இரத்த ஓட்டம் நின்றே போகும். சில நிமிடங்களில் மரணம். மாரடைப்பால் இதயத்தசை வலுவிழந்தவர்களுக்கும், சில பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். இதற்கு உரிய கருவி டிஃபிப்ரிலேட்டர். அது உள்ளேயே இருந்து காவல் காத்து, தேவையானபோது மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளத்தை மீட்கும்.

கருவிகள் பிறந்த கதை

1957 அக்டோபர் 31-ல் அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் மின்தடை ஏற்பட்டது. அக்காலத்துப் பேஸ்மேக்கர் சுவரிலுள்ள மின்இணைப்பில் இயங்குவது. அதை நம்பியிருந்த நோயாளிகளின் கதி என்ன? அறுவை மருத்துவர் வால்ட்டன் லில்லிஹை கேட்டுக்கொண்டபடி, ஏர்ல் பேக்கன் என்ற மின்பொறியாளர் சில வாரங்களில் பேட்டரியில் இயங்கும் கையடக்கக் கருவியைச் செய்து கொடுத்தார்.

அடுத்த ஆண்டு, 1958 அக்டோபர் 8-ல், சுவீடன் நாட்டில் முதன்முறையாக முழுக் கருவியும் உடலுக்குள் வைக்கப்பட்டது. நோயாளி ஆர்னே லார்சன், 43 வயது. நாளுக்குப் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். அவர் மனைவி விடாமல் வற்புறுத்தியதால் மருத்துவர் ஓக்கே சென்னிங்கும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டும் துணிந்தனர். முதற்கருவி சில மணி நேரமே ஓடிற்று. பிறகு ஒன்று, பிறகு மற்றொன்று என வாழ்நாளில் 26 பேஸ்மேக்கர்கள் மாற்றப்பட்டன. லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். மருத்துவரும் பொறியாளரும் அவருக்கு முன்னரே காலமாகிவிட்டனர்.

டிஃபிப்ரிலேட்டரைச் சிந்தித்தவர் போலந்தில் பிறந்த மைக்கேல் மிரோவ்ஸ்கி. தம் ஆசான் 1966-ல் திடீர்த் தாளக் கோளாறால் இறந்ததைக் கண்டு, மருத்துவமனைக்கு வெளியேயும் நோயாளியைக் காக்கும் கருவி வேண்டும் என்று பாடுபட்டார். அது நடவாது என்று பலர் எழுதினர். 1980 பிப்ரவரி 4-ல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் மனிதருக்கு அது பொருத்தப்பட்டது.

'மயக்கம்' என்ற ஒரு சொல்

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் தலைசுற்றினாலும் 'மயக்கமாக இருக்கிறது' என்கிறோம். நினைவு தப்பி விழுந்தாலும் 'மயக்கம் வந்தது' என்கிறோம். மருத்துவருக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறு. தெலுங்கில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. தலைசுற்றல் என்றால் 'கள்ளு திரிகாயி' என்பார்கள். நினைவு தப்பியது என்றால் 'ஸ்ப்ருஹ தப்பிந்தி' என்பார்கள். படபடப்புக்கு 'குண்டெ தட' என்பது சொல். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர்களை இங்குள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். நினைவு தப்பியவரைத் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டால், பரிசோதனை காதுப் பக்கமோ கழுத்தெலும்புப் பக்கமோ திரும்பிவிடக்கூடும்.

எல்லா மயக்கமும் இதயக் கோளாறு அன்று. தரிசன வரிசையில் நெடுநேரம் நின்று, புழுக்கமும் பசியும் சேர்ந்து, முதலில் குமட்டலும் வியர்வையும் வந்து, கண் இருட்டிக்கொண்டு சரிவது பொதுவான மயக்கம். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் தெளிந்துவிடும். ஐயத்துக்கு உரியவை வேறு: உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ நினைவு தப்புவது, முன்னறிவிப்பே இல்லாமல் விழுந்து அடிபடுவது, மாடி ஏறும்போது அல்லது வேகமாக நடக்கும்போது விழுவது, படபடப்பைத் தொடர்ந்து விழுவது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது. இவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

நாடி எண்ணும் முறை

சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார். நாம் பார்க்க வேண்டியது எண்ணிக்கையும் ஒழுங்கும் மட்டுமே. கட்டைவிரலின் அடிப்புறத்தில், மணிக்கட்டின் உட்பக்கம், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். நம் கட்டைவிரலை வைத்துப் பார்க்கக் கூடாது. அதன் துடிப்பே நமக்குத் தட்டுப்படும். கடிகாரத்தைப் பார்த்து 30 வினாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். தாளம் ஒழுங்கற்று இருந்தால் முழு நிமிடமும் எண்ணுங்கள்.

ஓய்வாக இருக்கும் முதியவருக்கு எண்ணிக்கை 50-க்குக் கீழே இருந்து, களைப்பு, மூச்சிரைப்பு, நினைவு தப்புதல் ஆகியவற்றில் ஒன்றும் சேர்ந்திருந்தால் காலம் தாழ்த்தலாகாது. ஆனால் பேஸ்மேக்கர் என்று உடனே அஞ்சவும் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும். கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூடச் சிலருக்கு நாடியைத் தளர்த்தும். ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், சொட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே செல்வது?

நம் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய நோய் என்றால் 'வேலூருக்குப் போய்விடலாம்' என்போம். சித்தூரிலிருந்து வேலூர் அருகில்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் புகழும் உண்மையானதே. ஆனால் தாளக் கோளாறு வந்து போகும் இயல்புடையது. விழுந்த அன்று எடுத்த இ.சி.ஜி.யில் தெரிந்தது, இரண்டு நாள் கழித்து எடுத்ததில் தெரியாமல் போகலாம். எனவே பயணத்துக்கு வண்டி பேசுவதற்கு முன் அருகிலுள்ள மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு நாள் முழுவதும் உடலோடு கட்டியிருக்கும் 'ஹோல்ட்டர்' சோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

திருப்பதியில் 1993-ல் செயல்படத் தொடங்கி, 1995-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம், அதாவது 'ஸ்விம்ஸ்', இதய மருத்துவத்துக்குப் பெயர் பெற்றது. 2021 அக்டோபரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மையமும் இவ்வூரில்தான் இருக்கிறது. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு அது பெரும் துணை.

செலவைப் பற்றி ஒரு சொல். ஆந்திராவில் 2007-ல் ஆரோக்யஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிய அரசு மருத்துவ உதவித் திட்டம் 2024 முதல் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை என்று அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடியேறிய குடும்பங்களில் சிலருடைய குடும்ப அட்டை இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கும். பெரியவர்களின் அட்டை எந்த மாநிலத்தது, எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

கருவி வைத்த பின்

பேஸ்மேக்கர் வைப்பதற்கு நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. தோள்பட்டைக்குக் கீழே, பெரும்பாலும் இடப்புறம், மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் சிறு பை அமைத்துக் கருவியை வைப்பார்கள். கம்பி ஒரு சிரையின் வழியே இதயத்துக்குள் செல்லும். கம்பியே இல்லாமல் நேரே இதயத்துக்குள் வைக்கும் சிறு கருவியும் 2016 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் புழக்கத்தில் உள்ளது. முதல் சில வாரங்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தலாகாது, கம்பி நகர்ந்துவிடும். புண் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ வீட்டு மருந்து பூசாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேட்டரி ஏறத்தாழ 8 முதல் 12 ஆண்டுகள் உழைக்கும். குறித்த தவணையில் சோதனைக்குச் செல்வது கட்டாயம்.

மிக்சி, கிரைண்டர், தொலைக்காட்சி ஆகியவற்றால் தொல்லை இல்லை. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 2 அடி தள்ளி நில்லுங்கள். செல்போனைச் சட்டைப் பையில், கருவிக்கு மேலே வைக்காதீர்கள். மறுபக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். வெல்டிங் வேலை செய்யும் இடத்தை நெருங்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கருவி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். எல்லாக் கருவிகளும் அதற்கு ஏற்றவை அல்ல.

திருமலைக்குப் போகலாமா?

நம் பகுதியில் முதலில் எழும் கேள்வி இதுதான். மருத்துவர் அனுமதித்தால் தாராளமாகப் போகலாம். அலிபிரியிலும் தரிசன வரிசையிலும் சோதனை வாயில்கள் உண்டு. வழக்கமான வேகத்தில் கடந்து சென்றால் கருவிக்குக் கேடு வராது. வாயிலில் சாய்ந்துகொண்டு நிற்கக் கூடாது. கையில் பிடிக்கும் கருவியால் சோதித்தால், அடையாள அட்டையைக் காட்டி, நெஞ்சின்மேல் அதை வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவமனை தரும் அந்த அட்டை எப்போதும் கையோடு இருக்க வேண்டும். கருவியின் வகை, வைத்த நாள், மருத்துவமனையின் பெயர் ஆகியவை அதில் இருக்கும்.

படியேறுவது வேறு விஷயம். அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள். பேஸ்மேக்கர் தாளத்தைச் சரிசெய்யுமே தவிர, வலுவிழந்த தசைக்கு வலுவூட்டாது. 60 வயது கடந்தவர்களும் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா முதலிய நோய் உள்ளவர்களும் நடந்து ஏற வேண்டாம் என்று 2024-ல் தேவஸ்தானமே அறிவுறுத்தியது. வேண்டுதல் இருந்தால், வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் அவருக்காகப் படியேறட்டும். பெரியவர் பேருந்தில் வரட்டும். மலைமேல் உடல்நலம் குன்றினால் அங்கே அஸ்வினி மருத்துவமனை உள்ளது.

நம் நாட்டு ஆய்வுகள் சொல்வது

ஹைதராபாத் கேர் மருத்துவமனையின் நரசிம்மன் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிகவும் வேண்டியது. காரணம் தெரியாமல் கீழறைத் தாளம் தறிகெட்ட சிலருக்கு, இதயத்தசையில் காசநோயைப் போன்ற, அல்லது சார்காய்டோசிஸ் என்ற நோயின், அழற்சிக் கட்டிகள் இருந்ததை அவர்கள் கண்டனர். நெஞ்சிலுள்ள நிணநீர்க் கணுக்களிலிருந்து திசு எடுத்துப் பார்த்து அந்த நோய்க்கு மருந்து கொடுத்தனர். கருவி காவல் காக்கும். ஆனால் திருடன் யார் என்று தேடுவதும் வேண்டும் என்பது இதன் பாடம். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதை மறக்கலாகாது.

இன்னொரு ஆய்வு, கருவி வாங்க இயலாதவர்களைப் பற்றியது. அமெரிக்காவில் இறந்தவர்களின் உடலிலிருந்து இறுதிச் சடங்கு நிலையங்களில் எடுக்கப்பட்ட பேஸ்மேக்கர்களுள், பேட்டரி போதிய அளவு மிஞ்சியிருந்தவற்றை மட்டும் தேர்ந்து, கிருமி நீக்கி, மும்பை ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் 53 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தினர். 2012-ல் வெளிவந்த இந்த ஆய்வு அவை நன்கு இயங்கியதாகத் தெரிவித்தது. அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், மும்பையில் 81 பேருக்கு மறுபயன்பாட்டு டிஃபிப்ரிலேட்டர்கள் வைக்கப்பட்டன. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு அக்கருவி தக்க சமயத்தில் வேலை செய்தது. 2020-ல் கனடா மருத்துவர்கள் வெளியிட்ட பெரிய ஆய்வில், மறுபயன்பாட்டுக் கருவி பெற்ற 1,051 பேரையும் புதுக்கருவி பெற்ற 3,153 பேரையும் ஒப்பிட்டபோது, நோய்த்தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும் இக்கருவிகள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கே என்று உற்பத்தியாளர்கள் குறிக்கின்றனர். ஆகவே இது தேர்ந்த மருத்துவமனைகள் முறைப்படி செய்ய வேண்டிய பணி. தனியாரிடம் பேரம் பேசி வாங்கும் பொருள் அன்று.

சொல்லத் தயங்கும் ஒன்று

மரணத்தைப் பற்றிப் பேசுவது மங்கலம் அன்று என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் எரியூட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்கள் இதைத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். பேஸ்மேக்கரிலுள்ள பேட்டரி நெருப்பில் வெடிக்கும். பிரிட்டனில் 1976-லேயே ஒரு தகனக்கூடத்தில் இவ்வாறு வெடித்தது பதிவாகியுள்ளது. எனவே தகனத்துக்கு முன் மருத்துவமனையில் சொல்லிக் கருவியை எடுத்துவிட வேண்டும். டிஃபிப்ரிலேட்டராயின் முதலில் அதன் இயக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையேல் எடுப்பவருக்கே அதிர்ச்சி தாக்கலாம். துக்க நேரத்தில் இது ஒருவருக்கும் நினைவுக்கு வராது. அடையாள அட்டையின் நகல் ஒன்றைக் குடும்ப ஆவணங்களோடு வைத்து, பிள்ளைகளில் ஒருவரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

நினைவில் கொள்ளுக

1. நினைவு தப்பி விழுந்தவருக்கு, தெளிந்துவிட்டாலும், அன்றே இ.சி.ஜி. எடுக்கவும். காரணம் தெரியும்வரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம்.

2. வீட்டில் ஒருவராவது நாடி எண்ணப் பழகுக. பெரியவர்களின் வழக்கமான எண்ணிக்கையை நாட்குறிப்பில் எழுதி வைக்கவும்.

3. விழுந்தவர் அழைத்தும் விழிக்காமல், மூச்சும் இயல்பாக இல்லாவிட்டால் 108-ஐ அழைத்து, நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவும். வண்டி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

4. கருவி வைத்தவர் அட்டையின்றி வெளியே செல்ல வேண்டாம்.

அடுத்த முறை ஊரிலுள்ள அப்பாவிடமோ அம்மாவிடமோ தொலைபேசியில் பேசும்போது, 'சாப்பிட்டீர்களா' என்று கேட்பதோடு, 'எப்போதாவது நினைவு தப்பி விழுந்தீர்களா' என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கவலை தரக்கூடாது என்று அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.